பத்து வினாடிக் குரல்கள்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து மூடாப்பு. பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. ரட்டோட்டைப் பக்கம் மலையே தெரியவில்லை.

இன்றைக்கு: ஈயக்கம்பி வாங்க. ஓய்வுபெற்ற தபால் ஐயாவின் டிவி போர்டு (மூன்று தடவை கேட்டுவிட்டார், மனிதர் இனி வாசலில் பாய் விரிப்பார்). மிளகாய்த்தூள். கண்டியில் படிக்கிற மகனுக்குப் போன் எடுத்து ஏச.

பத்து மணிக்கு ஒரு பெண். ரிவர்ஸ்டன் போகிற வழியில் தேயிலைத் தோட்டம். கொழுந்து எடுக்கிறவள் என்பது விரல் நுனிக் கறுப்பிலேயே தெரிந்தது. பெயர் தமயந்தி. சிலிசிலி பொலித்தீன் பைக்குள் துவாய், துவாய்க்குள் கையில் பிடித்து விளையாடுகிற கேம் பெட்டி. மடிக்கிற ரகம், இரண்டு திரை. கட்டாரில் இருந்து தம்பி பழையது கொண்டுவந்து கொடுத்ததாம், ஆறு வருஷம் ஆகிறது.

கடையின் முன்பக்கம் என் வீட்டுக்காரர் நவாஸின் ராஜ்யம். சார்ஜர், கவர், ரீலோட். பார்த்த உடனே, "கேம் சாமான் நாங்க செய்றல்ல, கண்டிக்குக் கொண்டு போங்க" என்றார். அவருக்கென்ன. உள்ளே உட்கார்ந்து கண் நோக ஈயம் வைக்கிறவள் நான்.

"கண்டியில ரெண்டு கடையில காட்டிட்டேங்க. புது மெமரி போட்டுத் தர்றோம், பழசு எல்லாம் போயிரும்னாங்க. எனக்குப் பெட்டி வேணாங்க. உள்ள இருக்கிறதுதான் வேணும்."

உள்ளே இருப்பது அவள் புருஷனின் குரல். பெயர் மோகன். தொண்டையில் புற்றுநோய், போன வருஷம் ஆபரேஷன், குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். ஆள் நன்றாக இருக்கிறார். பேச்சு மட்டும் இல்லை. இந்தப் பெட்டியில் பத்து வினாடி குரல் பிடிக்கிற வசதி ஒன்று உண்டு, அதைக் குருவிக் குரலாகவும் பூதக் குரலாகவும் மாற்றி விளையாடலாம். மகள் கவியா சின்ன வயதில் அப்பா பேசுவதைப் பிடித்து வைத்திருக்கிறாள்.

"போன்ல ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டேன்.

"அவருகிட்ட பட்டன் போன்தாங்க. என் போன் பீலிக்கரையில தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. கல்யாண வீடியோ இருக்கு, அதுல முழுக்கப் பாட்டுதான்."

எனக்குச் சிரிப்பு வந்து, அடக்கி, பிறகு சிரிப்பு வரவில்லை.

பெட்டியைத் திறந்தால் திரை நீலமாகி நிற்கிறது. உள் மெமரி சாகிற சத்தமில்லாத சாவு. ஒவ்வொரு தடவை கரண்ட் கொடுக்கும்போதும் கொஞ்சம் போகும். "இனி இதை ஒருத்தரும் ஒன் பண்ணக் கூடாது" என்றேன். நீங்கள் ஏதும் அமுக்கினீர்களா என்றும் கேட்டேன்.

"இல்லீங்கக்கா." கொஞ்சம் அவசரமான இல்லை.

தீபாவளிக்கு முன் முடியுமா என்றாள். இன்ஷா அல்லாஹ் என்றேன். முடியாது என்று சொல்ல வாய் வராதபோது நான் சொல்வது அது.

8, புதன்

மழை. டிவி போர்டு முடிந்தது. ஐயா ஒரு கொத்து கோழிக்கூட்டு வாழைப்பழம் கொண்டுவந்தார். மகனுக்குப் போன் எடுத்தேன், எடுக்கவில்லை.

பகல் தமயந்தி போன். பக்கத்து வீட்டு நம்பரில் இருந்து. முதலில் அழுகை மட்டும்.

"நான் பொய் சொல்லிட்டேன்க்கா. கண்டிக்குக் கொண்டு போறதுக்கு முந்தி ரீசெட் குடுத்துட்டேன்."

ஏன் என்று கேட்கத் தேவையே இல்லை. எனக்குத் தெரியும்.

"தோட்டத்து லயத்துல எல்லாரும் அப்படித்தான்க்கா. போன் கடைக்குப் போறதுன்னா முதல்ல ரீசெட். கடைப் பயலுக படத்தை எல்லாம் பாப்பானுங்கன்னு. எங்ககூடக் கொழுந்து எடுக்கிற ஒரு பிள்ளையோட படம் வெளிய போய், அது வேலைக்கே வராம நின்னுருச்சு. கைப்பழக்கம். இதுல என்ன படம் இருக்குன்னுகூட யோசிக்கல. திரையில அந்தப் பார் கொஞ்ச தூரம் ஓடுச்சு, அப்படியே நின்னுச்சு."

"புள்ளைக்குத் தெரியுமா?"

"சொல்லல. அவருக்கும் சொல்லல. என் கையாலேயே அழிச்சேன்னு எப்படிக்கா சொல்றது?"

போனை வைத்துவிட்டு யாரை ஏசுவது என்று தெரியாமல் நவாஸை ஏசினேன். அவர் பாவம், கவர் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் கோபம் யார் மேல்? அந்தப் பெண் செய்தது பிழை. அந்தப் பிழையை அவளுக்குப் பழக்கியது எங்கள் தொழில். நான் பல்லேகலயில் பாக்டரி வேலையை விட்டுவிட்டு இந்த மேசையில் உட்கார்ந்ததே, பொம்பிளை செய்கிறாள் என்றால் பொம்பிளைகள் பயமில்லாமல் போனைக் கொடுப்பார்கள் என்றுதான். என்னிடமும் அழித்துவிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். சுத்தமாகத் துடைத்த போன்கள். நேற்று வந்த ஒன்றில் அலாரம்கூட இல்லை.

9, வியாழன்

வெயில். கடவுளே என்று ஒரு வெயில்.

பெட்டியைக் கழற்றினேன். ஏழு ஸ்க்ரூ, ஒன்று துருப்பிடித்தது. இந்தச் சிப்பைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டு வாசிக்க முடியாது. உள்ளே உள்ளதற்குப் பூட்டு, சாவி இந்த போர்டில்தான். முதலில் சாவியை எடுத்து மூன்று இடத்தில் சேமித்தேன். பிறகு சிப்பின் கால்களில் தலைமயிர் தடிப்புக் கம்பி ஐந்து. மூன்றாவது கம்பியை வைக்கும்போது நவாஸ் தேநீர்க் கேத்தலுடன் "பிளேன்டி வேணுமா?" என்று கத்த, கை ஆடியது. இன்னொரு தடவை.

சிப் கதகதவென்று சூடாகிறது. சூடானால் பிழை. ஐஸ் கட்டியைப் பையில் சுற்றி மேலே வைத்து, கொஞ்சம் வாசித்து, நிறுத்தி, ஆறவிட்டு. உடைந்த பகுதியில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போவது, நல்லதை எல்லாம் எடுத்த பிறகு கெட்டதிடம் திரும்பி வருவது. எனக்குத் தெரிந்த ஒரே புத்தி இதுதான், வீட்டில் செய்கிறேனா என்றால் இல்லை.

மாலை வரை நூற்றுக்கு நாற்பது.

11, சனி

நேற்று ஜும்ஆத் தொழுகை, கடை அரை நாள்தான். அதனால் இன்று விட்டதில் இருந்து.

இரண்டு மணிக்கு இடி. வாசிப்பு எழுபத்தெட்டில். பேட்டரிப் பெட்டி இருக்கிறது, பத்து நிமிஷம் தாங்கும். கரண்ட் போனது. சாகக் கிடக்கிறவர்களுக்கு ஓதுகிற யாஸீனில் தெரிந்த அளவு நான் ஓதிக்கொண்டு திரையையே பார்த்தேன். எட்டாவது நிமிஷம் கரண்ட் வந்தது. நவாஸ், "சிப்புக்கு யாஸீன் ஓதின மொத ஆள் நீதான்" என்றார்.

பிறகு நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

வாசித்து முடிந்ததும் பிரதியைத் திறந்தேன். ரீசெட் கொடுத்த மெமரி வெறுமையாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. எல்லாம் இருந்தது! கேம், படம், குரல் எல்லாம். கொஞ்ச நேரம் எனக்கே விளங்கவில்லை. சிப்பிடம் ஒரு பைட் எழுதச் சொல்லிப் பார்த்தேன். எழுதவில்லை. அப்போதுதான் விளங்கியது. பழுதாகத் தொடங்கினால் சில சிப்புகள் தம்மைத் தாமே பூட்டிக்கொள்ளும். வாசிக்கலாம், எழுத முடியாது. அழிப்பதும் ஒரு எழுத்துதானே. தமயந்தி ரீசெட் கொடுத்தபோது சிப் ஏற்கெனவே பூட்டிக்கொண்டுவிட்டது. பார் நின்றது அதனால். நல்ல சிப்பாக இருந்திருந்தால் அரை நிமிஷத்தில் எல்லாம் போயிருக்கும்.

பழுதுதான் காப்பாற்றியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

குரல் பதிவு முப்பத்து நாலு. வாடிக்கையாளர் பொருளைத் திறந்து பார்ப்பதில்லை என்பது என் சட்டம். ஆனால் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றையாவது கேட்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தட்டினேன். மூன்றாவது.

"ரட்டோட்ட ரட்டோட்ட ரட்டோட்ட! இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட! அக்கா, கொஞ்சம் முன்னுக்குப் போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு!" பாதி சிங்களம், பாதி தமிழ். பின்னால் ஒரு சின்னப் பிள்ளையின் சிரிப்பு.

இந்தக் குரலை எனக்குத் தெரியும். ரட்டோட்டையில் மாமி வீட்டுக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர். இடமே இல்லாத பஸ்ஸில் நிறைய இடம் இருக்கு என்று பத்து வருஷம் எனக்குப் பொய் சொன்ன ஆள். ஒருநாள் அவருடன் மிச்சக் காசுக்குச் சண்டை பிடித்திருக்கிறேன். பிறகு ஆளைக் காணவில்லை, நானும் யோசிக்கவில்லை. பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இல்லாமல் போனால் யார் யோசிக்கிறோம்.

உட்கார்ந்து அழுதேன். நவாஸ் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். நல்ல மனுஷன், சில நேரம்.

தமயந்திக்குப் போன். "இருக்கு. நீங்க அழிக்கல. அழியல." அந்தப் பக்கம் "அக்கா, அக்கா" என்று மட்டும்.

13, திங்கள்

புதுச் சிப் வைத்தேன். பிரதியை அதில் எழுத நாற்பது நிமிஷம். பெட்டி திறந்தது, டிங் என்று ஒரு சத்தம். மூன்று பதிவில் கரகரப்பு இருக்கலாம், அந்தப் பகுதிகள் கடைசி வரை வரவில்லை. மிச்சம் முழுசு.

மகன் போன் எடுத்தான். "உம்மா, நீங்க ஹலோன்னு சொல்ல முந்தியே ஏசுறீங்க" என்றான். வைத்த பிறகு அதுவே மண்டைக்குள். என்னை யாராவது பத்துப் பத்து வினாடியாகப் பிடித்து வைத்திருந்தால் அதில் என்ன இருக்கும்? சோறு ஆறுது. லைட்ட அணை. எங்க போன நீ. வேறென்ன.

16, வியாழன்

மப்பு. காலையில் மோகன் வந்தார், தனியாக. கண்டியில் கிளினிக் நாளாம், போகிற வழி. பஸ்ஸில் பார்த்ததைவிட பாதி ஆள். கழுத்தில் வெள்ளைத் துணி, உள்ளே மூச்சுக்கு ஓட்டை. கையில் எழுதிக் காட்ட ஒரு சிஆர் கொப்பி, மடித்த ஓரம். டிக்கெட்டில் எழுதுகிற மாதிரிப் பொடி எழுத்து.

எழுதினார்: "அக்கா எங்கள் பஸ்ஸில் வருவீங்க. மிச்சக் காசு அஞ்சு ரூபா."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவருக்குச் சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது.

பெட்டியைக் கொடுத்தேன், இயர்போனும். மூலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அரை மணித்தியாலம். முதலில் சிரித்த முகம். பிறகு இல்லை. நான் வேலையைப் பார்க்கிற மாதிரி ஸ்க்ரூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கொப்பியில்: "ஏச்சு நிறைய இருக்கு. இவ்வளவு ஏசியிருக்கேனா?"

"எல்லா வாப்பாவும் ஏசுறதுதானே" என்றேன்.

"இனி நான் சொல்லப் போறது ஒண்ணும் இல்லை. இதுதான் கடைசிப் பேச்சுன்னு பிள்ளையிடம் இருக்கக் கூடாது." அதன் கீழே நம்பர்கள்: 4, 7, 8, 12, 15, 19, 22, 23, 26, 30, 31. பத்தொன்பதின் கீழ் இரண்டு கோடு.

அழித்துத் தரச் சொன்னார். நான் அழிப்பதில்லை, அது என் சட்டம் என்றேன். அப்படியானால் எப்படி என்று காட்டச் சொன்னார். காட்டினேன். பதினொன்றையும் அவரே அழித்தார். பெட்டியைத் திருப்பித் தந்து, சனிக்கிழமை பிள்ளையும் தாயும் வருவார்கள், அவர்கள் கையில் கொடுங்கள் என்று எழுதினார். இதைச் சொல்ல வேண்டாம் என்றும்.

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

நவாஸ் சோறு தின்னும்போது: "குரல் அவர்ட. பெட்டி புள்ளேட. கொண்டு வந்தது பொண்டாட்டி. நீ யாருக்கு வேலை செஞ்ச?"

"சும்மா தின்னுங்க" என்றேன். இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன்.

17, வெள்ளி

மழை. ஜும்ஆ. ஒரு ஐபோன் திரை, ஒரு ரேடியோ.

பொருளைக் கொடுத்ததும் என்னிடம் உள்ள பிரதியை அழிப்பது வழக்கம். இன்னும் கொடுக்கவில்லை, ஆகவே பிரதி இருக்கிறது. முப்பத்து நாலும். இன்று மூன்று தடவை அந்தக் கோப்பைப் பார்த்தேன், திறக்கவில்லை. அவருடைய குரலை அவர் அழித்தார், அது நியாயம். ஒருத்தியின் சின்ன வயதை அழித்தார், அது நியாயமா? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

18, சனி

வெயில். தீபாவளிக் கூட்டம், கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. எங்கள் கடையில் மட்டும் விற்றது சார்ஜர் ஒன்று.

இரண்டு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். மோகனும்! வரமாட்டார் என்று நினைத்தேன். கவியாவுக்குப் பன்னிரண்டு, இரட்டைச் சடை, யாரையும் பார்க்காமல் பெட்டியை மட்டும் பார்த்தாள். தமயந்தி பஸ்ஸில் வரும்போதே ரீசெட் கதையை இருவரிடமும் சொல்லிவிட்டாளாம், முகம் தெளிவாக இருந்தது. "எருமைன்னு எழுதிக் காட்டினாருக்கா" என்றாள் சந்தோஷமாக.

கவியா திறந்தாள். விரல் ஓடியது. நின்றது.

"நாலு எங்க?"

நான் மேசையில் ஸ்க்ரூக்களைத் தேடினேன்.

"ஏழு, எட்டு இல்ல. பன்னெண்டு இல்ல." ஒவ்வொன்றும் எந்த நம்பரில் என்பது அவளுக்கு மனப்பாடம். "ஆன்ட்டி, பன்னெண்டு எங்க? 'அடியே, லைட்ட அணைச்சிட்டுப் படு, கரண்ட் பில்ல ஒன் மாமனா வந்து கட்டுவான்!' அது எங்க?"

அச்சாக அந்தக் கண்டக்டர் குரல். இழுவை, கடைசியில் தூக்கி முடிக்கிறது, எல்லாம். தமயந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மோகன் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கியது, கழுத்துத் துணியில் காற்று புஸ் புஸ் என்று.

"அத குருவிக் குரல்ல போட்டா செம சிரிப்புப்பா. அத ஏன் அழிச்சீங்க?" யாரும் சொல்லாமலே யார் அழித்தது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது.

மோகன் கொப்பியை என் பக்கம் திருப்பினார்: "திரும்பப் போட முடியுமா?"

முடியும், என்னிடம் பிரதி இருக்கிறது, ஆனால் வந்தால் எல்லாம்தான் வரும், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெட்டிக்குள் போட எனக்குத் தெரியாது என்றேன். யோசித்து எழுதினார்: "சரி. 19 மட்டும் நான் பிறகு அழிப்பேன்."

எழுத ஆரம்பித்தேன், நாற்பது நிமிஷம். நவாஸ் மூவருக்கும் பிளேன்டியும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்தார். கவியா கொப்பியைத் தலைகீழாக வாசித்துவிட்டாள்.

"பத்தொம்பது எனக்கு வேணும்ப்பா."

மோகன் தலையை ஆட்டினார். இல்லை.

"என்னடி அது பத்தொம்பது?" என்றாள் தமயந்தி. அவள் கேட்டதே இல்லையாம்.

கவியா கீழே பார்த்தாள். "அப்பா ஒங்கள ஏசுறது. குடிச்சிட்டு. நீங்க நாவுலைக்கு மாமா வீட்டுக்குப் போனீங்களே, அன்னைக்கு. நான் ஸ்கூல் விட்டு வந்து வாசல்ல நின்னு பிடிச்சேன். யாருக்கும் போட்டுக் காட்டினதில்ல."

மோகன் பேனையை மூடி, திறந்து, மூடினார்.

"அப்ப அது எதுக்கு ஒனக்கு?"

"கடைசியில அப்பா என்னைப் பார்த்துட்டாரும்மா. 'கவியா, எப்பம்மா வந்த நீ?'ன்னு கேப்பாரு. மத்ததுல எல்லாம் ஏய், அடியே, கழுதன்னுதான் கூப்பிடுறாரு. என் பேரு அதுல மட்டும்தான் இருக்கு."

கடைக்கு வெளியே பட்டாசு விற்கிறவன் கத்திக்கொண்டிருந்தான். திரையைப் பார்த்தேன், நூற்றுக்கு ஐம்பத்தொன்று.

தமயந்தி கோப்பையை வைத்தாள். புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னைப் பார்த்து அல்ல. "ஏச்சு வாங்கினவ நான்தானே. நான் சொல்றேன், அது இருக்கட்டும்."

மோகன் கொப்பியில் எதையோ எழுதி, கிழித்து, நாலாக மடித்து அவள் கையில் வைத்தார். அவள் வாசிக்காமல் பேர்ஸுக்குள் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாகுதுக்கா, இன்னும் எவ்வளவு?" என்றாள்.

மூன்றே காலுக்கு முடிந்தது. கவியா இயர்போனை மாட்டிக்கொண்டு பத்து வினாடி அசையாமல் இருந்தாள்.

"இருக்கு" என்றாள்.

துவாயில் சுற்றி, பையில் போட்டார்கள். நன்றி சொல்ல வந்த தமயந்தியிடம் தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பாவிட்டால் பார் என்றேன். பிள்ளை சார்ஜர் அடுக்கைப் பார்த்துக்கொண்டு பின்தங்கினாள். மோகன் படியில் நின்று இரண்டு தரம் கைதட்டினார்.

"வர்றேன்ப்பா" என்று ஓடினாள்.

இப்போது அவளைக் கூப்பிடுவது அப்படித்தானாம்.